நிரம்பாத குழி

யூன் 22

இந்தக் கொப்பி பயிற்சியில் தந்தது. முன்பக்கத்திலிருந்து நல்லதண்ணிக் கிணற்றின் நீர்மட்டத்தை எழுதிவர வேண்டும். கடைசிப் பக்கத்திலிருந்து நான் இதை எழுதுகிறேன். இரண்டும் நடுவில் முட்டும்போது பார்த்துக்கொள்ளலாம்.

கோயில் மண்டபத்தில் துணி கட்டியிருக்கிறார்கள்: சிறு தீவுகளுக்கான கழிவுநீர் முகாமைத்துவப் பயிற்சி. சூசை மாமா அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, எங்கள் தீவில் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றாலும் கக்கூசுக்கு யூனிவேர்சிற்றி வந்துவிட்டது என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் தூணுக்குப் பின்னால் இருந்தேன்.

தெருவுக்கு ஒருவராக ஆறு பேர் வர வேண்டும். எங்கள் தெருவுக்கு அம்மா என் பெயரைக் கொடுத்துவிட்டார். "நீ சும்மாதானே இருக்கிறாய்" என்றார். நான் சும்மா இருக்கவில்லை. கருவாடு காயப்போடுவது, காகம் கலைப்பது, தண்ணீர் அள்ளுவது எல்லாம் நான்தான். ஒன்பதாம் வகுப்போடு நின்று இரண்டு வருடம். பள்ளிக்கூடம் பெரிய தீவில், படகில் போகவேண்டும். அம்மா ஆட்களிடம், கொறற்றிக்குப் படகில் சத்தி வரும், அதனால் நிறுத்தினோம் என்று சொல்லுவார். எனக்குப் படகில் தலைசுற்றலோ சத்தியோ வருவதில்லை. அந்தப் பள்ளிக்கூடத்துக் கக்கூசில் தாழ்ப்பாள் இல்லை. வெளியே ஒரு சிநேகிதி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். கேட்பதற்கு எனக்கு ஆள் இருக்கவில்லை. மாதத்தில் மூன்று நாள் போகாமல் வீட்டில் நின்றேன். பிறகு ஐந்து நாள். பிறகு போகவில்லை.

யூன் 23

பயிற்சி தருகிறவர் தர்மினி மிஸ். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு கிழமை கோயில் மடத்தில் தங்கப்போகிறார். கோயில் மண்டபத்துக்குள் நின்றுகொண்டு மலம், மலம் என்று சத்தமாகச் சொன்னார். ஆறு பேரும் நிலத்தைப் பார்த்தோம்.

மேசையில் ஒரு முருகைக்கல்லை வைத்து மேலே நீல மை ஊற்றினார். பத்து எண்ணுவதற்குள் அடியால் சொட்டியது. உங்கள் தீவு முழுக்க இந்தக் கல்தான், மேலே விட்டது கீழே நிற்காது என்றார். பிறகு, யார் வீட்டுக் கக்கூஸ் குழி இதுவரை நிரம்பியிருக்கிறது என்று கேட்டார். பெனடிக்ரா அக்கா மட்டும் கை உயர்த்தினார். அவர் வீடு கிணற்றடிக்குப் பக்கம். புருசன் கடலோடு போனபிறகு மூன்று வயது மிதுசாவோடு தனிய இருக்கிறார். ஒரு திட்டத்தில் அவருக்கு அடியும் சுவரும் கொங்கிறீட் போட்ட தொட்டிக் கக்கூஸ் கட்டிக் கொடுத்திருந்தார்கள். போன வருடம் அது நிரம்பி, உறிஞ்சுகிற பவுசர் வண்டியைப் பாதை என்கிற மிதவைப் படகில் ஏற்றி வந்து எடுத்தபோது மணம் கோயில் வரைக்கும் வந்தது. அதை நினைத்து எல்லாரும் சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை.

"மற்ற ஆக்களின்ர குழி ஏன் நிரம்பேல்லை?" என்று கேட்டார்.

அதற்குள் சாப்பாட்டுக்கு விட்டுவிட்டார்கள். பருப்பும் முட்டையும்.

யூன் 24

பயிற்சியில் என்ன படித்தேன் என்று என்னிடம் கேட்கும்படி அம்மா அப்பாவிடம் சொன்னார். அவர் கேட்டார். குழிகளைப் பற்றி என்றேன். அப்பாவுக்குச் சந்தோசம். எங்கள் குழியைப் பற்றி மிஸ்ஸுக்குச் சொல்லச் சொன்னார். இடம்பெயர்ந்துபோய் ஊர் திரும்பின வருடம், எல்லாரும் கல்லை உடைத்து ஆறடி தோண்ட இரண்டு கிழமை பட்டார்களாம். அப்பா வீட்டுக்குப் பின்னால் இருந்த பழைய உப்புக்கிணற்றின் மேலே கொங்கிறீட் பலகை போட்டு, மூன்று நாளில் கக்கூசைக் கட்டி முடித்தாராம். ஒன்பது வருடம், ஒருநாள்கூட நிரம்பவில்லை. கிணற்றை விட்டுவிட்டு, குழி என்று, இதை அவர் கலியாண வீடுகளிலும் சொல்லுவார்.

நான் மிஸ்ஸிடம் சொல்லவில்லை. சொல்ல மறந்துவிட்டேன்.

யூன் 25

சின்னக் கண்ணாடிப் போத்தல் ஒன்று தந்தார்கள். உள்ளே மருந்துக் கடதாசி. நல்லதண்ணிக் கிணற்றுத் தண்ணீரை விட்டு, மூடி, சூடான இடத்தில் இரண்டு நாள் வைக்கவேண்டும். தண்ணீரில் மலக்கிருமி இருந்தால் கறுக்கும். நான் அரிசி வாளிக்குள் புதைத்து வைத்திருக்கிறேன். அம்மாவுக்குத் தெரியாது.

யூன் 27

கறுத்துவிட்டது. கணவாய் மை மாதிரி.

தீவு முழுக்கக் குடிப்பது அந்த ஒரு கிணற்றில்தான். மற்றக் கிணறுகள் உவர். மிஸ் போத்தலை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனார். அப்பாதான் கடற்தொழிலாளர் சங்கத் தலைவர், கிணறும் சங்கத்தின் பொறுப்பில். அப்பா போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, போத்தல் ஊத்தையாக இருந்திருக்கும் என்றார். ஆனால் மிதுசாவுக்கு நேற்றிலிருந்து வயிற்றாலே போகிறது. மேற்குத் தெருவில் இன்னும் மூன்று பிள்ளைகளுக்கு. வைகாசிக் கடைசியிலிருந்தே இப்படி வருவதும் போவதுமாக இருக்கிறது. போத்தலை யாரும் எறியவில்லை.

யூன் 29

பூசை முடிந்து சங்கக் கூட்டம். யாகப்பர் திருவிழாக் கொடியேற்றத்துக்கு இன்னும் பதினேழு நாள். வெளிநாட்டிலிருந்து சனம் வரப்போகிறது. கிணற்றைக் கெடுத்தது யார் என்று கண்டுபிடிக்க வேண்டும் என்றார்கள்.

கிணற்றிலிருந்து ஒவ்வொரு கக்கூசுக்கும் எவ்வளவு தூரம் என்று அளக்க அப்பா என்னை எழுப்பினார். பயிற்சிக்குப் போகிறவள், அவளே எட்டு வைத்து நடந்து எண்ணட்டும் என்றார். எல்லாரும் பார்க்க நடந்தேன். பெனடிக்ரா அக்காவின் கக்கூஸ் இருபத்துநான்கு எட்டு. எங்களுடையது தொண்ணூற்றேழு. நான் அப்பாவின் காதுக்குள் சொன்னேன். அவர் சத்தமாகச் சொன்னார்.

பெனடிக்ரா அக்கா, தன்னுடையது அடைத்த தொட்டி, ஒரு சொட்டும் வெளியே போகாது என்றார். வெளியே போகாவிட்டால் போன வருடம் மணத்தது என்ன என்று சூசை மாமா கேட்டார். மறுபடியும் சிரிப்பு. கொடியிறக்கும் வரைக்கும் அந்தக் கக்கூசைப் பூட்டுவது என்று முடிவானது. பூட்டின் திறப்பு, ஒற்றைச் சாவி, எங்கள் வீட்டில், மாதா படத்துக்குக் கீழே ஆணியில் தொங்குகிறது.

தொட்டி அடைத்தது என்று எனக்குத் தெரியும். படம் போட்டுக் காட்டினார்கள். நான் எழுந்து சொல்லவில்லை. என்னிடம் எண்ணிக்கை மட்டும்தான் கேட்டார்கள்.

யூலை 1

மிஸ்ஸுக்குக் கோபம். பார்த்துத்தான் குற்றம் சொல்லவேண்டும், எட்டு எண்ணியல்ல என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

இரண்டு கலர்ப் பொட்டலம் கொண்டுவந்திருக்கிறார். சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று. குடித்தாலும் ஒன்றும் செய்யாது. சந்தேகமான கக்கூசுக்குள் கரைத்து ஊற்றிவிட்டுக் கிணற்றைப் பார்க்கவேண்டும். அப்பாவும் சங்கத்து ஆட்களும் நிற்க, பூட்டைத் திறந்து பெனடிக்ரா அக்காவின் கக்கூசில் சிவப்பை ஊற்றி, பத்து வாளி தண்ணீரும் விட்டோம். திரும்பவும் பூட்டினார்கள்.

யூலை 2

காலையில் காகம் கலைக்கப் போகும்போது பெனடிக்ரா அக்கா மிதுசாவைத் தூக்கிக்கொண்டு பனங்கூடல் பக்கமிருந்து வந்தார். பூட்டின நாளிலிருந்து அங்கேதான் போகிறார்கள். நான் ஒதுங்கினேன்.

"என்ன பிள்ளை, என்ர திறப்பு உங்கட வீட்டில சுகமா இருக்கோ?"

நான் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்தபிறகுதான், அதற்கு ஏன் தலையாட்டினேன் என்று யோசித்தேன்.

யூலை 4

சிவப்பு வரவில்லை. மூன்று நாளும் காலை மாலை வாளியில் அள்ளிப் பார்த்தேன். வெறும் தண்ணீர்.

கலர் பழசாக இருக்கும் என்று அப்பா சொன்னார். பூட்டு அப்படியே இருக்கட்டும் என்றார். மிஸ்ஸின் இரண்டு கிழமை முடிந்தது, நாளைக் காலைப் படகில் போகிறார். பதின்மூன்றாம் திகதி, கிணறு இறைக்கிற அன்று வருவாராம். பச்சைப் பொட்டலத்தை என்னிடம் தந்தார். எங்கேயாவது சந்தேகம் இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார். நான் தலையை அசைத்தேன். ஆம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். அவர் என்ன எடுத்துக்கொண்டார் என்று தெரியவில்லை.

கடைசி வகுப்பில் ஒரு விசயம் சொன்னார். வாளியால் அள்ளினால் கிணறு பக்கத்துத் தண்ணீரைத்தான் வாங்கும். மோட்டர் போட்டு இழுத்தால் தூரத்துத் தண்ணீரும் ஓடிவரும். நல்லதண்ணிக் கிணற்றுக்கு மோட்டர் பூட்டியது வைகாசியில். அப்பா ஓடித்திரிந்து சங்கத்துக்கு வாங்கிக்கொடுத்தது.

யூலை 5

நீர்மட்டம் எட்டடி இரண்டு அங்குலம். வேறொன்றும் இல்லை.

யூலை 7

மிதுசாவைப் படகில் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கண் உள்ளே போய்விட்டது. அழக்கூட இல்லை. துறையில் பெனடிக்ரா அக்கா யாரையும் பார்க்காமல் ஏறினார். அந்தக் கக்கூசைப் பூட்டி எட்டு நாள். இன்றைக்கு மேற்குத் தெருவில் புதிதாக இன்னொரு பிள்ளைக்கும் வந்திருக்கிறது.

குடிக்கிற தண்ணீரைக் கொதிக்கவைக்கச் சொல்லி அம்மாவிடம் சொன்னேன். மிஸ் சொன்னதா என்று கேட்டார். ஓம் என்றேன். தெருவில் மற்ற வீடுகளுக்கும் அம்மாவே போய்ச் சொன்னார்.

பின்னேரம் எங்கள் கக்கூசுக்குள் போய்க் கதவைச் சாத்தி, ஒரு வாளி தண்ணீரை ஊற்றிவிட்டுக் குனிந்து கேட்டேன். மற்ற வீடுகளில் தண்ணீர் போய்ச் சேறில் விழுகிற சத்தம் கேட்கும். எங்கள் வீட்டில் கொஞ்சநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு தூரத்தில், தண்ணீர் தண்ணீரில் விழுந்தது.

இந்தச் சத்தத்தை நான் ஒன்பது வருடமாகக் கேட்டிருக்கிறேன்.

யூலை 8

அப்பா வலை பொத்திக்கொண்டிருந்தார். அம்மா கடைக்குப் போயிருந்தார். மூன்று தரம் வாசலுக்கு வந்து திரும்பிப்போனேன். நாலாம் தரம், "அப்பா, பழைய கிணறு" என்றேன்.

"எந்தக் கிணறு?"

"கக்கூஸ் கிணறு."

வலையூசி நின்றது.

"அது கிணறில்லை" என்றார். "குழி."

நான் போகவில்லை. அவர் ஒரு கண்ணியைப் போட்டு இறுக்கினார். பிறகு, "இதை ஒருத்தரிட்டையும் கதையாதை, என்ன" என்றார். கத்தியிருந்தால் நான் அழுதுவிட்டுப் போயிருப்பேன். அவர் கத்தவில்லை. என்னைப் பார்த்து, எதையோ கேட்கிற மாதிரிச் சொன்னார். அப்பா இதுவரை என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை.

யூலை 9

கருவாடு திருப்பினேன். அம்மாவின் சட்டைக்குப் பொத்தான் தைத்தேன். பச்சைப் பொட்டலம் என் உடுப்புப் பெட்டியில், பள்ளிக்கூடத்துக் கழுத்து ரையின் கீழே இருக்கிறது. மூன்று தரம் பார்த்தேன். அது அங்கேயே இருக்கிறது.

யூலை 10

காலை ஏழு மணிக்கு எங்கள் கக்கூசில் பச்சையை ஊற்றினேன். அப்பா கடலில். கலர் பட்ட இடமெல்லாம் கழுவ வேண்டியிருந்தது, விரல் நகத்துக்குள் பட்டது இன்னும் போகவில்லை. பதினொரு வாளி தண்ணீர் விட்டேன். வெளியே உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்ற அம்மா, என்ன இவ்வளவு தண்ணீர் என்றார். வயிற்றுவலி என்றேன். அம்மா பயந்துபோய் எனக்கு மல்லித்தண்ணீர் வைத்துத் தந்தார்.

யூலை 11

ஒன்றும் வரவில்லை. நான்கு தரம் பார்த்தேன்.

சோறு நிறையச் சாப்பிட்டேன். கோழிகளோடு கதைத்தேன். அப்பாவுக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் என் விரல்களைப் பார்த்தார். பிறகு கோப்பையை வாங்கினார்.

யூலை 12

இன்றைக்கும் இல்லை. ஒருவேளை எல்லாமே என் நினைப்பாக இருக்கலாம். தொண்ணூற்றேழு எட்டுத் தூரம்தானே.

பின்னேரப் படகில் பெனடிக்ரா அக்கா வந்தார். மிதுசா தோளில் கிடந்தாள். கால் இரண்டும் ஈர்க்கு மாதிரி. உயிர் தப்பியதே பெரிய காரியம் என்று அம்மா சொன்னார். படகால் இறங்கி நேரே பனங்கூடலுக்குப் போனார்கள். நான் வேலிக்குள்ளே நின்று பார்த்தேன்.

சந்தோசமாக இருந்தேன் என்று நேற்று எழுதவில்லை. ஆனால் அப்படித்தான் இருந்தேன். இப்போது அதை எழுதுகிறேன்.

யூலை 13

எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதவேண்டும்.

கொடியேற்றத்துக்கு மூன்று நாள் முன்பு நல்லதண்ணிக் கிணற்றை இறைப்பது வழக்கம். ஆண்கள் எல்லாரும் வருவார்கள். அடி தெரிய இறைத்து, சேறு வாரி, கல் கழுவி, ஊறிவருகிற முதல் தண்ணீரைக் குடத்தில் பிடித்துக் கோயில் வாசல் தீர்த்தத் தொட்டிக்குக் கொண்டுபோவார்கள். அந்தக் குடத்தைத் தூக்குவது சங்கத் தலைவர். ஏழு வருடமாக அப்பா. இன்றைக்கும் வெள்ளைச் சாரம் கட்டியிருந்தார்.

விடியவே மோட்டரைப் போட்டார்கள். மிஸ்ஸின் படகு பத்து மணிக்குத்தான். பெண்கள் வேப்பமரத்தடியில் நின்றோம். பெனடிக்ரா அக்கா தன் வீட்டு வாசலில், பிள்ளையோடு, தள்ளி.

முதல் ஒரு மணித்தியாலம் தெளிந்த தண்ணீர். பிறகு அடி தெரிந்தது. மோட்டரை நிறுத்திவிட்டு இரண்டு பேர் இறங்கிச் சேறு வாரினார்கள். மேற்குப் பக்கக் கல் வெடிப்பிலிருந்து தண்ணீர் ஊறிவரத் தொடங்கியது. எங்கள் வீடு மேற்குப் பக்கம். உள்ளே நின்றவர் ஒருவர் வாளியைக் கட்டி மேலே அனுப்பினார்.

பச்சை. மாங்காய்ப் பச்சை இல்லை, இலைப் பச்சை இல்லை. வெயில் பட்டதும் வாளி முழுக்க எரிந்தது.

சூசை மாமா, பாசியாக்கும் என்றார். யாரும் சிரிக்கவில்லை. அடுத்த வாளியும் அப்படித்தான் வந்தது. அப்போது ஒருவர் திரும்பிப் பெனடிக்ரா அக்காவைப் பார்த்தார். பிறகு எல்லாரும் பார்த்தார்கள். கோபத்தில் எதையோ கலந்துவிட்டாளோ என்று யாரோ கேட்டார்கள். அக்கா பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினார், அவ்வளவுதான்.

அப்பா வாளியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். யூலை எட்டாம் திகதி பார்த்த அதே பார்வை.

நான் மரத்தடியிலிருந்து நடந்தேன். எத்தனை எட்டு என்று எண்ணினேன், பழக்கத்தில். பதினாறு. கிணற்றுக்கட்டுக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன். என் காதுக்கே கேட்கவில்லை. பின்னால் ஒருவர், "ஆர் கதைச்சது?" என்றார். இன்னொருவர், "அருளப்பு அண்ணையின்ர மகள். என்னவோ சொல்லுது."

இரண்டாம் தரம் சொல்லவேண்டி வந்தது. முதல் தரத்தைவிட அதுதான் கஷ்டம்.

"அது எங்கட வீட்டுக் கக்கூசில போட்ட கலர். நான்தான் போட்டனான். பெனடிக்ரா அக்கான்ர கக்கூசில போட்டது சிவப்பு. அது வரேல்லை."

வாளியிலிருந்து பச்சை சொட்டியது. அப்பா என்னைத் தாண்டி நடந்து வந்து, கையில் இருந்த தீர்த்தக் குடத்தைக் கிணற்றுக்கட்டில் கவிழ்த்து வைத்தார்.

"குழி எண்டு சொன்னது பொய்" என்றார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "அது கிணறு. எனக்குத் தெரியும்."

பிறகு வீட்டுக்குப் போனார். தனிய.

மிஸ் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கலர் எங்கே போட்டது, எத்தனை மணிக்கு, எத்தனை நாளில் வந்தது என்று எழுதித் தரச் சொன்னார். முன்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்.

யூலை 14

அப்பா என்னோடு கதைக்கவில்லை. விடிய எழுந்து எங்கள் கக்கூஸ் வாசலுக்குக் குறுக்கே பனஞ்சிலாகை வைத்து ஆணி அடித்தார். ஒவ்வொரு அடியும் வீட்டுக்குள் கேட்டது. பிறகு மாதா படத்துக்குக் கீழே இருந்து திறப்பை எடுத்து, என் சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கடலுக்குப் போனார்.

நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெனடிக்ரா அக்கா வாங்கிச் சட்டைக்குள் போட்டார். இருபத்துநான்கு எட்டு எண்ணினது நான்தான், எனக்குத் தொட்டி அடைத்தது என்று அப்போதே தெரியும் என்று சொன்னேன். தெரியும் என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. மிதுசா என் பச்சை நகத்தைப் பிடித்துப் பார்த்தாள்.

யூலை 15

மோட்டரைக் கழற்றிவிட்டார்கள். கிணற்றுக்கு மருந்து போட்டிருக்கிறது. திருவிழா முடியும்வரை பாதையில் தாங்கி ஏற்றித் தண்ணீர் வரும். மற்ற ஐந்து பேரும் தங்கள் தெருக் குழிகளைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். மேற்குத் தெருவில் இன்னும் இரண்டு பழைய கிணறு இருக்கிறதாம், மேலே கக்கூசோடு. அப்பா சொன்னபிறகுதான் அந்த வீட்டுக்காரரும் சொன்னார்கள்.

நேற்றும் இன்றும் அம்மாவும் நானும் பனங்கூடலுக்குப் போனோம். முள். ஆட்கள் வருகிற சத்தம் கேட்டால் எழும்பி நிற்கவேண்டும். எனக்கு மாதநாள் வந்துவிட்டது. அம்மாவிடம் சொல்லவில்லை.

யூலை 16

கொடியேற்றம். தீர்த்தத் தொட்டியில் தாங்கித் தண்ணீர்தான். குடத்தை வேறொருவர் தூக்கினார். அப்பா கோயிலில் கடைசி வரிசை வாங்கில் இருந்தார்.

காலையில், கோயிலுக்கு முன்னால் நடந்ததை எழுதுகிறேன். பனங்கூடலுக்குப் போகும் வழியில் பெனடிக்ரா அக்கா தன் படலையில் நின்று, "எங்க போறியள் ரெண்டு பேரும்?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா நிலத்தைப் பார்த்தார். அம்மாவும் நிலத்தைப் பார்ப்பவர் என்று அப்போதுதான் தெரிந்தது.

அக்கா பூட்டைத் திறந்துவிட்டார். நான் முதலில் போனேன். கதவின் உட்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது, பெரிய இரும்புத் தாழ்ப்பாள். போட்டேன். இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. கொஞ்சநேரம் சும்மா நின்றேன்.

வெளியே வந்தபோது அப்பா வேலிக்கு அந்தப் பக்கம் வாளியோடு நின்றார். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

"வாங்கோ அண்ணை" என்றார் பெனடிக்ரா அக்கா. சிரிக்காமல்தான் சொன்னார். "இது நிரம்பும். நிரம்பினால் எல்லாருமாச் சேர்ந்து பவுசரைக் கூப்பிடுவம்."